வண்டி ஓட்டப் பழகுவதும் கவனம் சிதறாமல் ஓட்டுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் புதிதாக எல்.எல்.ஆர். எடுப்பவர்கள், லைசென்ஸ் வாங்கி ஓரிரு வருடமே ஆனவர்கள், பிள்ளைகளுக்குத் தாங்களே ஓட்டக் கற்றுத் தரும் பெற்றோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. கிளட்சும் கியரும் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். கண் எங்கே இருக்க வேண்டும், மனம் எதில் இருக்க வேண்டும் என்ற பழக்கம் அப்படித் தானாக வராது. அதை முதல் நாளிலிருந்தே சொல்லித் தர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பதில்களில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

எல்.எல்.ஆர். கையில் வந்துவிட்டது. நாளைக்கே ரோட்டில் ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் தனியாக ஓட்டக் கூடாது. கார் என்றால், அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் உள்ள ஒருவர், தேவைப்பட்டால் வண்டியைக் கட்டுப்படுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பின்சீட்டில் அப்பா உட்கார்ந்திருப்பது கணக்கில் வராது. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். பலகை குறைந்தது 18 செ.மீ. சதுரம்; எழுத்து குறைந்தது 10 செ.மீ. உயரம். நோட்டுத்தாளில் பேனாவால் எழுதி ஒட்டுவதில் பயனில்லை. பின்னால் வருபவருக்குத் தூரத்திலேயே தெரிந்தால்தான் இடைவெளி விடுவார். டூவீலரில் பழகும்போது நண்பரையோ தங்கையையோ பின்னால் ஏற்றக் கூடாது. கற்றுக்கொடுப்பவர் மட்டும் உட்காரலாம்.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்துத்தான் நிரந்தர லைசென்ஸுக்கான ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். அந்த 30 நாளைச் சும்மா கடத்திவிட்டுத் தேர்வுக்கு முந்தைய நாள் 8 போட்டுப் பார்ப்பவர்கள் அதிகம். பழகுவதற்காகத்தான் அந்த ஒரு மாதத்தைச் சட்டம் தந்திருக்கிறது.

ட்ரைவிங் ஸ்கூலில் சேரும்போது என்ன கேட்க வேண்டும்?

முதலில் நேரத்தைக் கேளுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன்படி, சொந்த உபயோகக் கார் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளி குறைந்தது 21 நாள் பயிற்சி தர வேண்டும். அதில் நீங்கள் உண்மையில் ஸ்டியரிங் பிடித்து ஓட்டிய நேரம் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஒரு காரில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால், 21 நாளில் உங்கள் பங்கு மூன்றரை மணி நேரம்தான். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் ஓட்டிய நேரம் ஆகாது. யார் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று பள்ளி பதிவேடு வைத்திருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லலாம். 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மைய விதிகளில் இலகுரக வாகனப் பயிற்சி 29 மணி நேரம்: வகுப்பு 8, ஓட்டுதல் 21. அந்த அளவோடு ஒப்பிட்டால், 10 மணி நேரம் எவ்வளவு குறைவு என்பது புரியும்.

இரண்டாவது, வண்டியில் பயிற்சியாளர் பக்கமும் பிரேக், கிளட்ச் இருக்கிறதா, அவை வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். மூன்றாவது விஷயத்தைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: வகுப்பு நேரத்தில் பயிற்சியாளர் ஃபோன் பேசுவாரா? அவருடைய கால் எப்போதும் பிரேக்குக்கு மேலே இருக்க வேண்டும். கண் உங்களோடு சேர்ந்து ரோட்டைப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டே "இண்டிகேட்டர் போடு" என்று சொல்பவரிடமிருந்து, வண்டியில் ஃபோன் பார்ப்பது சகஜம் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்வீர்கள். பள்ளியை மாற்ற அந்த ஒரு காரணமே போதும்.

8 போட்டு, லைசென்ஸும் வாங்கியாயிற்று. அப்புறம் என்ன பயிற்சி?

8 போடும் தேர்வு உங்கள் சமநிலையையும், காலை ஊன்றாமல் மெதுவாகத் திருப்பும் திறமையையும் பார்க்கிறது. எதிரே யாரும் வராத, ஃபோன் அடிக்காத, முன்கூட்டியே தெரிந்த பாதை அது. தேர்வில் வராதவை: நின்றிருக்கும் டவுன் பஸ்ஸின் முன்னாலிருந்து குறுக்கே வரும் ஆள், இண்டிகேட்டர் போடாமல் ஓரம் கட்டும் ஷேர் ஆட்டோ, இருட்டில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி, புறவழிச்சாலையில் எதிர்த்திசையில் வரும் பைக். இவற்றை முன்கூட்டியே கண்டுபிடிப்பது கண்ணின் வேலை. அதற்கான பயிற்சியை லைசென்ஸுக்கு முன்னும் பின்னும் நீங்களே செய்ய வேண்டும். எப்படி என்று கீழே பெற்றோருக்கான பதிலில் விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

கவனச் சிதறல் என்றால் ஃபோன்தானே?

ஃபோன் அதில் மோசமானது, அவ்வளவே. ஓட்டுபவரின் கண்ணை ரோட்டிலிருந்து எடுப்பது, கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுப்பது, மனதை ஓட்டுதலிலிருந்து எடுப்பது என மூன்று வகை உண்டு. தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் கை போகிறது. விபத்து நடந்த இடத்தை வேடிக்கை பார்த்தால் கண் போகிறது. வீட்டுச் சண்டையை நினைத்துக்கொண்டே ஓட்டினால் கண் ரோட்டில் இருந்தும் மனம் இல்லை. மெசேஜ் டைப் செய்வதில் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. அதனால்தான் அதைத் தனியாக வைத்துப் பேசுகிறோம்.

இரண்டு நொடி திரையைப் பார்த்தால் என்ன ஆகிவிடும்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் போகிறது. இரண்டு நொடியில் 33 மீட்டர், கிட்டத்தட்ட மூன்று டவுன் பஸ்களை வரிசையாக நிறுத்திய நீளம்.

கவனமாக ஓட்டுபவர் ஒரு ஆபத்தைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகும். அதில் 25 மீட்டர் போகும். உலர்ந்த தார் ரோட்டில் நல்ல டயர், நல்ல பிரேக்கோடு 60-லிருந்து நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45 மீட்டரில் நின்றுவிடுவார். மழை ரோடு என்றால் பிரேக் தூரம் மட்டுமே 35 மீட்டருக்குப் போகும்.

இப்போது 45 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை ரோட்டில் இறங்குகிறது என்று வையுங்கள். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர் குழந்தைக்கு மிக அருகில், மோதாமல் நிற்கிறார். அதே நொடியில் திரையைப் பார்க்கக் குனிந்தவர் நிமிரும்போதே 33 மீட்டர் போய்விட்டது. மிச்சம் 12 மீட்டர். ஆனால் பிரேக்கில் கால் வைக்கவே அவருக்கு 25 மீட்டர் வேண்டும். அதாவது அவர் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே, முழு 60 வேகத்தில் மோதல் நடந்துவிடும். "கொஞ்சம் வேகமாக மோதுவார்" என்று பலர் நினைப்பது தவறு. ஒருவர் மோதாமல் நின்றுவிடுகிறார், இன்னொருவர் வேகம் குறையாமலே மோதுகிறார். இடையில் இருப்பது அந்த இரண்டு நொடிதான்.

இரண்டு நொடி என்ற அளவுக்கும் காரணம் உண்டு. 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கேமரா பொருத்திய 100 கார்களைக் கொண்டு ஓட்டுநர்களைக் கவனித்தார்கள். ரோட்டை விட்டுக் கண் இரண்டு நொடிக்கு மேல் விலகினால், விபத்தோ மயிரிழைத் தப்பலோ நடக்கும் ஆபத்து குறைந்தது இரட்டிப்பாகிறது என்பது அதில் தெரிந்தது. 2009-இல் வர்ஜீனியா டெக் நிறுவனம் லாரி ஓட்டுநர்களிடம் செய்த ஆய்வில், மெசேஜ் டைப் செய்பவர்களுக்கு அந்த ஆபத்து 23 மடங்கு. ஆறு நொடியில் 4.6 நொடி அவர்கள் கண் ரோட்டில் இல்லை. 80 கி.மீ. வேகத்தில் 4.6 நொடி என்றால் 100 மீட்டருக்கும் அதிகம்.

ப்ளூடூத்தில் பேசினால் கை இரண்டும் ஸ்டியரிங்கில்தானே இருக்கிறது?

கை இருக்கிறது. மனம் இல்லை. இந்த நம்பிக்கைதான் எங்களை அதிகம் கவலைப்பட வைக்கிறது. படித்தவர்கள், பொறுப்பானவர்கள் என்று நினைப்பவர்களே இதில் விழுகிறார்கள். 1997-இல் கனடாவின் டொராண்டோவில் விபத்தில் சிக்கியவர்களின் ஃபோன் கணக்குகளை எடுத்து ஆராய்ந்தபோது, பேசிக்கொண்டிருந்த நேரத்தில் விபத்து ஆபத்து நான்கு மடங்காக இருந்தது. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கு எந்தப் பாதுகாப்புக் கூடுதலும் இல்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழு நடத்திய சோதனைகளிலும் இதே முடிவுதான். பேசிக்கொண்டே ஓட்டுபவரின் கண் ஒரு பொருளின் மேல் நேராகப் பட்டிருக்கும். ஆனால் அதைப் பார்த்ததாகவே அவருக்கு நினைவிருக்காது.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பக்கத்தில் இருப்பவருக்கும் ரோடு தெரிகிறது. லாரி குறுக்கே வந்தால் அவரே பேச்சை நிறுத்துகிறார், சில சமயம் "பாத்து!" என்று கத்தவும் செய்கிறார். ஃபோனின் மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியாது. நீங்கள் ரவுண்டானாவில் நுழையும் நேரத்தில்தான் அவர் வங்கிக் கடனைப் பற்றிக் கேட்பார்.

"கார் ஓட்டுறேன், அரை மணியில கூப்பிடுறேன்" என்று சொல்லி வைப்பதோடு ப்ளூடூத் பயன்பாடு முடிந்துவிட வேண்டும். எல்.எல்.ஆரில் பழகுபவர்களும், லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகாதவர்களும் அதைக்கூட எடுக்க வேண்டாம். கியர் மாற்றுவதற்கே அவர்கள் இன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது. மிச்சமிருக்கும் கவனம் கொஞ்சம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? மேப் பார்ப்பதும் குற்றமா?

2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலுக்குள் வருகிறது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மூன்று வருடத்துக்குள் மறுபடி சிக்கினால் அபராதம் 10,000 ரூபாய், சிறை இரண்டு வருடம் வரை. போலீஸ் அந்த இடத்திலேயே வசூலிக்கும் தொகையை மாநில அரசு தனியாக நிர்ணயிக்கிறது. லைசென்ஸைத் தற்காலிகமாக முடக்கவும் விதிகளில் இடம் உண்டு.

2020 அக்டோபர் 1 முதல் வழி பார்ப்பதற்கு மட்டும் ஃபோனைப் பயன்படுத்தலாம் என்று விதி திருத்தப்பட்டது. ஓட்டுபவரின் கவனத்தைக் கெடுக்காத வகையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மேப்பைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதற்கு இது அனுமதி ஆகாது.

மேப் வேண்டும்தான். எப்படி வைத்துக்கொண்டால் தொந்தரவு குறையும்?

வண்டி நிற்கும்போதே முகவரியைப் போட்டு, முழுப் பாதையையும் ஒரு தடவை பாருங்கள். "தாம்பரம் தாண்டி வலது, அப்புறம் நேர்" என்ற அளவுக்கு மனதில் இருந்தால் திரையைத் தேட வேண்டியதில்லை. குரல் வழிகாட்டுதலை இயக்குங்கள், தமிழிலும் கேட்கலாம். ஒலி அளவையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

காரில் ஸ்டாண்டைக் கண்ணாடியின் கீழ் விளிம்பை ஒட்டியோ ஏசி துவாரத்திலோ மாட்டலாம். கண் மட்டும் நகர்ந்தால் திரை தெரிய வேண்டும், தலை குனிய வேண்டிய உயரம் கூடாது. ஏர்பேக் விரியும் பகுதியில் மாட்டவே கூடாது. விரியும் வேகத்தில் ஃபோன் முகத்தில் வந்து அடிக்கும். மடியில் வைப்பதும், கியர் பக்கத்துக் குழியில் வைப்பதும் எல்லாவற்றையும் விட மோசம்.

வழி தவறிவிட்டால் தவறியபடியே போங்கள். மேப் புது வழி போட்டுவிடும். ஃபிளைஓவரில் ஏறாமல் விட்டதற்காகத் திடீரென்று மூன்று லேன் தாண்டி வெட்டுவது, ரிவர்ஸ் எடுப்பது இரண்டும் ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்த உயிரைப் பணயம் வைக்கும் வேலை.

பைக்கில் ஹேண்டில்பாரில் மாட்டுபவர்களுக்கு ஒரு கூடுதல் விஷயம்: அதிக சக்தியுள்ள பைக் எஞ்சினின் அதிர்வு கேமராவைப் பழுதாக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. மாட்டத்தான் வேண்டுமென்றால் அதிர்வைத் தாங்கும் ரப்பர் பாகம் உள்ள ஸ்டாண்டைப் பாருங்கள். ஒரு காதில் குரல் மட்டும் கேட்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் காதை அடைத்தால் பின்னால் வரும் ஹார்ன் போய்விடும். புது இடத்துக்குப் போகும்போது நடுநடுவே ஓரம் கட்டி நிறுத்திப் பார்ப்பதே பைக்குக்கு நல்ல வழி.

ஃபோனில் என்ன செட்டிங் போட வேண்டும்?

ஐஃபோனில் செட்டிங்ஸுக்குள் ஃபோகஸ் பகுதிக்குப் போய் 'ட்ரைவிங்' என்பதைச் சேருங்கள். காரின் ப்ளூடூத் இணைந்ததும் தானாக இயங்கும்படி வைக்கலாம். "ஓட்டிக்கொண்டிருக்கிறேன், போய்ச் சேர்ந்ததும் பேசுகிறேன்" என்று தானாகப் பதில் போகும்படி எழுதிவைக்கவும் முடியும். அந்த வாக்கியத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், அம்மாவுக்குப் புரிய வேண்டும். ஆண்ட்ராய்டில் ஃபோன் நிறுவனத்துக்கேற்ப இடம் மாறும். செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'ட்ரைவிங்' என்று தேடினால் கிடைக்கும். அப்படி ஒன்று இல்லாவிட்டால், 'டு நாட் டிஸ்டர்ப்' போட்டு, ஒரே எண் இரண்டாம் முறை உடனே அழைத்தால் மட்டும் ஒலிக்கும்படி வையுங்கள். உண்மையான அவசரம் அந்த வழியில் வந்துவிடும்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் ஃபோனைப் பையில் போட்டுப் பின்சீட்டில் வைத்துவிடுங்கள். கைக்கு எட்டாத ஃபோனே எங்களுக்குப் பிடித்த செட்டிங்.

சிவப்பு சிக்னலில் நிற்கும்போது பார்க்கலாம்தானே?

வண்டி நின்றாலும் நீங்கள் போக்குவரத்துக்குள்தான் இருக்கிறீர்கள். பச்சை விழுந்ததும் பின்னால் ஹார்ன் அடிப்பார்கள்; பாதி மெசேஜோடு கிளட்சை விடுவீர்கள். அந்த நேரத்தில்தான் கடைசி நொடியில் குறுக்கே ஓடும் ஆளும், இடதுபக்கம் நுழையும் பைக்கும். திரையை விட்டு நிமிர்ந்ததும் கவனம் உடனே முழுதாகத் திரும்பாது. குரல் கட்டளையால் இயங்கும் கார்க் கருவிகளை வைத்து அமெரிக்காவில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், சில கருவிகளைப் பயன்படுத்தி முடித்து 27 நொடி வரைக்கும் கவனக் குறைவு மிச்சமிருந்தது. பார்த்தே ஆக வேண்டுமென்றால் சிக்னலைத் தாண்டி, ஓரமாக, பார்க்கிங் லைட் போட்டு நிறுத்திப் பாருங்கள். நெடுஞ்சாலையில் வெள்ளைக் கோட்டை ஒட்டி நிறுத்த வேண்டாம். பெட்ரோல் பங்க், டோல் பிளாசாவைத் தாண்டிய இடம், டீக்கடை முன்னால் என்று ரோட்டை விட்டு இறங்கிய இடமாக இருக்கட்டும்.

ஹெல்மெட்டுக்குள் ஃபோனைச் செருகிக்கொண்டு பேசுவது?

கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கினால், ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது. தாடை வாரும் பெரும்பாலும் மாட்டியிருக்க மாட்டார்கள். விழுந்தால் ஹெல்மெட் கழன்று போகும் அல்லது ஃபோன் கன்ன எலும்பில் அழுந்தும். தோளை உயர்த்தித் தலையைச் சாய்த்துப் பேசுபவர்களுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே முடியாது. இதற்குப் பாதுகாப்பான முறை என்று எதுவும் கிடையாது. நிறுத்திப் பேசுங்கள்.

காரில் சாமி சிலை, பாட்டில், செருப்பு எல்லாம் பிரச்சினையா?

சிலை சின்னதாக, பார்வைக்குக் குறுக்கே வராமல், நன்றாக ஒட்டியிருந்தால் சரி. நடுக் கண்ணாடியில் தொங்கவிடும் மாலையும் பொம்மையும் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடுவதை நோக்கிக் கண் தானாகப் போகும். ஒரு பைக்கை மறைக்க அந்த அளவே போதும்.

தண்ணீர் பாட்டில் உண்மையாகவே ஆபத்தானது. சீட்டுக்கு அடியில் உருண்டு பிரேக் மிதிக்கு அடியில் சிக்கினால், எவ்வளவு மிதித்தாலும் இறங்காது. கதவுப் பையில் வையுங்கள். தரை விரிப்பு நழுவாமல் கொக்கியில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விரிப்பு போடாதீர்கள். ரப்பர் செருப்பு, ஹை ஹீல்ஸ் போட்டு ஓட்ட வேண்டாம். கழற்றிய செருப்பையும் ஓட்டுநர் பக்கம் விடக் கூடாது, பின்னால் வைத்துவிடுங்கள்.

ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலாக யாரையும் உட்கார விடவோ எதையும் வைக்கவோ கூடாது என்பது சட்டத்தின் 125-ஆம் பிரிவு. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுபவர்களுக்கும் இது பொருந்தும்.

பின்சீட்டில் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். திரும்பாமல் எப்படி இருப்பது?

திரும்பிப் பார்க்காதீர்கள். நிறுத்திவிட்டுத் திரும்புங்கள். கிளம்பும் முன்பே சீட் பெல்ட், தண்ணீர், பிஸ்கட், பாத்ரூம் என்று எல்லாம் முடிந்திருந்தால் பாதிச் சண்டை குறையும். பின்கதவுகளின் சைல்டு லாக் போடுங்கள். பெரியவர் இன்னொருவர் இருந்தால் அவர் பின்சீட்டில் உட்காரட்டும். பொம்மை கீழே விழுந்தால் அடுத்த நிறுத்தம் வரை அது அங்கேயே கிடக்கும் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். இரண்டு மூன்று பயணத்தில் பழகிவிடுவார்கள்.

டூவீலரில் 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் அளவான ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி முதல் இருக்கிறது. பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்காரவைத்தால் அதன் கை ஹேண்டில்பாரைப் பிடிக்கும். குழந்தை அதைத் திருப்பிவிட்டால் உங்களால் சமாளிக்க முடியாது.

புதுக் காரில் எல்லாமே டச் ஸ்கிரீன். ஏசி குறைக்கக்கூடப் பார்க்க வேண்டியிருக்கிறதே?

அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இல் கார் நிறுவனங்களுக்குக் கொடுத்த வழிகாட்டுதலின்படி, ஒரு வேலைக்கு ஒரு தடவை பார்ப்பது 2 நொடிக்குள், மொத்தம் 12 நொடிக்குள் முடிய வேண்டும். நீங்களே சோதிக்கலாம். நிறுத்திய வண்டியில், ஏசி அளவை மாற்ற எத்தனை தொடுதல் என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் போனால் அதை ஓட்டும்போது செய்யாதீர்கள்; கிளம்பும் முன் வைத்துவிடுங்கள். பட்டன் உள்ளவற்றைப் பார்க்காமலே விரலால் கண்டுபிடிக்கப் பழகுங்கள்: வைப்பர், ஹெட்லைட், ஹார்ன், பார்க்கிங் லைட், முன்கண்ணாடிப் பனி நீக்கி. கண்ணை மூடிக்கொண்டு ஐந்தையும் தொடத் தெரிந்த பிறகு மழையில் ஓட்டுங்கள்.

மகனுக்கோ மகளுக்கோ நாங்களே கற்றுத் தருகிறோம். எதிலிருந்து ஆரம்பிப்பது?

நிற்கும் வண்டியிலிருந்து. சீட்டை முன்னே இழுத்து, கிளட்ச்சை முழுதும் அழுத்தியும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி வையுங்கள். தோளைச் சீட்டிலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் பட வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங் நடுப்பகுதிக்கும் இடையில் குறைந்தது 25 செ.மீ. இருக்கட்டும், ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. கை கடிகாரத்தின் 9-க்கும் 3-க்கும் நேராக. பிறகு மூன்று கண்ணாடிகள், பெல்ட், கடைசியாக ஃபோன் பின்சீட்டுக்கு. இந்த வரிசை தினமும் மாறவே கூடாது. உங்கள் ஃபோனும் பின்சீட்டுக்குத்தான் போக வேண்டும்.

முதல் சில மணி நேரம் காலி மைதானத்தில் கிளட்ச், நகர்த்துதல், நிறுத்துதல். பாட்டு வேண்டாம். வண்டியில் மூன்றாவது ஆளும் வேண்டாம், குறிப்பாக "அப்படி இல்லடா" என்று பின்னாலிருந்து சொல்லும் மாமா வேண்டாம். ஒருவர் மட்டுமே சொல்ல வேண்டும். சொல்வது சுருக்கமாக, முன்கூட்டியே இருக்க வேண்டும். "அடுத்த இடதுல திரும்பணும்" என்று 100 மீட்டர் முன்னால் சொல்லுங்கள், வளைவில் சொல்லாதீர்கள்.

ரோட்டுக்கு வந்ததும் பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொல்லுங்கள். "முன்னாடி பஸ் நிக்குது, யாராவது இறங்கி வரலாம், ஆக்சிலரேட்டர விடுறேன். இடதுல நாய். கண்ணாடியில லாரி, தூரத்துலதான் இருக்கு." இதைவிடச் சிறந்த கவனப் பயிற்சி எங்களுக்குத் தெரியாது. பேசுவது தடைப்பட்டால் கண் எங்கோ நின்றுவிட்டது என்று உங்களுக்கு உடனே தெரியும். பழகுபவர்கள் பொதுவாகப் பானட்டுக்கு முன்னால் பத்து மீட்டரையே பார்ப்பார்கள். அடுத்த 12 நொடியில் வண்டி எங்கே இருக்குமோ அதுவரை பார்வை போக வேண்டும்; 40 கி.மீ. வேகத்தில் அது 130 மீட்டருக்கும் மேல். கண் தூரத்துக்கும் பக்கத்துக்கும் கண்ணாடிக்குமாக மாறி மாறிப் போக வேண்டும், ஓரிடத்தில் நிலைத்து நிற்கக் கூடாது. ஒரு தடவைக்கு பத்து நிமிடம் இப்படிச் சொன்னால் போதும், அதற்கு மேல் களைத்துவிடுவார்கள்.

முதலில் பகல், காலி ரோடு. பிறகு கடைத்தெரு. மழையும் இரவும் நெடுஞ்சாலையும் தனித்தனியாக, உங்கள் துணையோடு. லைசென்ஸ் வந்த பிறகும் முதல் ஆறு மாதம் நண்பர்கள் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போக விடாதீர்கள். வண்டி நிறைய சிரிப்பும் கேலியும் இருக்கும்போது, புதிதாக ஓட்டுபவர் ரோட்டை விட்டு அவர்களைத்தான் கவனிப்பார்.

பையனுக்கு 16 வயது. பக்கத்துத் தெருவுக்கு ஸ்கூட்டி கொடுக்கலாமா?

கூடாது. 16 வயதில் பெற்றோர் சம்மதத்தோடு லைசென்ஸ் கிடைப்பது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். இன்று கடையில் கிடைக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல். டிவிஎஸ் எக்ஸ்எல் 100-கூட 99.7 சிசி. 18 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டி உரிமையாளரோ பொறுப்பு: மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

டெலிவரி, டாக்ஸி வேலையில் ஃபோனைப் பார்க்காமல் முடியாதே?

ஆர்டரை ஏற்கச் சில நொடிகளே கிடைப்பதால் ஓட்டிக்கொண்டே அழுத்துகிறார்கள். இதில் தவறு ஓட்டுபவருடையது மட்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. வண்டி நகரும்போது ஆர்டர் காட்டாமல் இருக்கும்படி செயலியை அமைப்பது நிறுவனங்களின் பொறுப்பு. அது வரும் வரை: ஒரு ஆர்டரை முடித்து நிற்கும்போதே அடுத்ததை ஏற்று, வழியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நகரும்போது வருவதை விட்டுவிடுங்கள். வாடிக்கையாளர்களும் ஓட்டிக்கொண்டிருப்பவரைக் கூப்பிட்டு "எங்க வர்றீங்க?" என்று கேட்காமல் இருக்கலாம். புள்ளி மேப்பில் நகர்ந்துகொண்டுதானே இருக்கிறது.

தூக்கமும் கவனச் சிதறலா?

அதைவிட மோசம், கண்ணே மூடிவிடுகிறது. அதிகாலை 2 முதல் 5 மணி வரையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் உடல் தானாகத் தூக்கத்தைக் கேட்கும். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் சில நிமிடம்கூடத் தாங்காது. கடந்து வந்த ஊர் நினைவில்லை, லேன் கோட்டின் மேல் டயர் ஏறுகிறது, அடிக்கடி கொட்டாவி என்றால் நிறுத்துங்கள். ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் தூங்குங்கள். விழிக்கும்போது காபி வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 15 நிமிட ஓய்வு கட்டாயம். தேசிய நெடுஞ்சாலையில் உதவி தேவைப்பட்டால் 1033.

நான் பயணி. ஓட்டுநர் ஃபோன் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார். என்ன செய்வது?

அமைதியாக, ஆனால் உடனே சொல்லுங்கள். "அண்ணே, ஃபோன் பேசிட்டு வாங்க, ஓரமா நிறுத்திக்கலாம், எனக்கு அவசரம் இல்ல" என்றால் பெரும்பாலானவர்கள் வைத்துவிடுவார்கள். வீட்டு ஆள் என்றால் ஃபோனை நீங்கள் வாங்கி, வந்திருக்கும் மெசேஜைப் படித்துச் சொல்லாமல், "ஓட்டிட்டிருக்காங்க" என்று பதில் மட்டும் அனுப்புங்கள். மேப்பையும் நீங்களே பாருங்கள். சொல்லியும் கேட்கவில்லை என்றால் பாதுகாப்பான, வெளிச்சமான இடத்தில் இறக்கிவிடச் சொல்லி இறங்கிவிடுங்கள். வாடகை வண்டியென்றால் எண்ணைக் குறித்துச் செயலியிலேயே புகார் கொடுக்கலாம்.